வாறுகாலில் போன காளான் ஆணம்

புகுந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆன கையோடு, மாமனார் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிவிட்ட மருமகள் தென்காசி வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம். (தலைவர் பதவியை மட்டும் கேட்கக் கூடாது. தட்டிவிட்டதோடு நான் நிற்கவில்லை. சட்டியையும் கவிழ்த்தவள்.)

காரணம் காளான். இன்னும் சரியாகச் சொன்னால், காளானைப் பற்றி இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த நஸ்ரின் என்கிற ஒரு புதுப்பெண், அதாவது நான்.

எனக்குச் சொந்த ஊர் சுரண்டை. சீசன் நேரத்தில் எங்கள் ஊருக்குக் காற்று மட்டும்தான் வரும். சாரல் எல்லாம் மேற்கே தென்காசியோடு நின்றுவிடும். கல்யாணமாகி தென்காசிக்கு வந்தபோது ஆனி மாதம். காலையில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால், மலை இருந்த இடத்தில் மலை இல்லை, வெறும் புகை. முகத்தில் பூப்போல ஈரம். வெட்டிப் போட்டிருந்த பழைய தென்னந்தடியில், சட்டைப் பித்தான் அளவுக்குக் கிண்ணம் கிண்ணமாக ஏதோ முளைத்திருந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் பருப்பு மாதிரி நாலைந்து முட்டை. குனிந்து பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. புகுந்த வீட்டில் நான் செய்த முதல் வேலை அதுதான்.

கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். காளானைப் பற்றி ஒரு பாடம் வந்தது. பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்தும் போனேன். அந்தப் பாடத்தில் இந்த அழகைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குருவிக்கூட்டுக் காளான் என்று அதற்குப் பெயர், மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் அந்த முட்டைகள் தெறித்துப் போய் வேறிடத்தில் முளைக்கும் என்று அன்று மத்தியானம் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு மழைத்துளியை நம்பி ஒரு வம்சமே நடக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு விடியற்காலையில் ரியாஸின் ஸ்கூட்டரில் புறப்பட்டுவிடுவோம். ரியாஸ் என் கணவர், செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடை திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். பழைய குற்றாலம் போகிற பாதையோரம், பண்பொழிப் பக்கம் தோப்புகள், குளத்தங்கரைகள். காட்டுக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்பதால் அங்கே படம் மட்டும். தெரிந்தவர்கள் தோப்பில் கேட்டுக்கொண்டு பறிப்போம். பாவாடை மாதிரி வெள்ளை வலை கட்டிக்கொண்டு நிற்கும் ஒன்று உண்டு. அழகுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, நாற்றத்துக்கும்தான். காலையில் மணிபோல நின்று மத்தியானத்துக்குள் கறுப்பு மையாகக் கரைந்து போகிற இன்னொன்று உண்டு. கல்யாணமான புதிதில் பெண்கள் செல்போனில் கல்யாணப் படங்களாக வைத்திருப்பார்கள். என் செல்போனில் நாய்க்குடைகள். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்களிடம் ஆசையாகக் காட்டுவேன். அவர்கள் இரண்டு படம் பார்த்துவிட்டு, மூன்றாவதற்குள் ரியாஸை ஒரு பார்வை பார்ப்பார்கள். பரிதாபம்தான்.

இதில் ஒரு வேலை உண்டு. அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். ஒரு காளான் இன்னதுதான் என்று உறுதிப்படுத்த, அதன் தண்டை நறுக்கிவிட்டு, குடையை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் குப்புற வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்துவிட வேண்டும். சில மணி நேரம் போனால் குடையின் அடியிலிருந்து வித்துத் தூள் தாளில் கொட்டியிருக்கும். டம்ளரை எடுத்துக் குடையைத் தூக்கினால், மருதாணி வைத்தது போல வட்டமாக ஒரு கோலம். கோலத்தின் நிறத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். நாம் சமைக்கிற புற்றுக் காளானுக்கு வெளுத்த இளஞ்சிவப்பு. பார்க்க அதேபோலக் குடைவிரித்து, தின்றவரை வாந்தியும் பேதியுமாகப் படுக்கப்போடும் ஒன்றுக்குப் பச்சை.

இந்தக் கோலங்களை நான் போட்டது மாமியின் சமையலறை ஜன்னல் திட்டில். என் மாமியாரைச் சொல்கிறேன். மாமி பேசுவது குறைவு. நான் பேசுவது எவ்வளவு என்பது உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். அவர் உள்ளி உரித்துக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் நின்று வகுப்பு எடுப்பேன். இது வளையம் உள்ள ஜாதி மாமி, இதன் வேர் புற்றுக்குள் முழ நீளம் போகும் மாமி, இதைத் தொட்டால் கை கழுவணும் மாமி. அவர் "ம்" என்றுகூடச் சொல்ல மாட்டார். உள்ளித் தோலை ஊதித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பாவம், அவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று ஒரு இரக்கம் வேறு. (இந்த இடத்தில் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.)

மாமா அப்போது சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. அந்த லீவு எப்போது வந்தாலும் சாரல் முடிந்த பிறகோ, தொடங்கும் முன்போதான் வரும். போன் செய்தால் முதலில் "சாரல் உண்டா" என்றுதான் கேட்பார். பிறகு "காளான் மொளச்சிட்டா" என்பார். மாமி வைக்கும் காளான் ஆணத்தை அவர் கடைசியாகச் சாப்பிட்டது ரியாஸ் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால். (ஆணம் என்றால் எங்கள் வீடுகளில் குழம்பு.) கல்யாணத்துக்கு நாலு நாள் லீவில், காளான் முளைக்கும் முன்பே வந்து போனவர், அப்போதே என்னிடம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, மருமகளிடம் முதல் பேச்சே சாப்பாட்டைப் பற்றியா என்று அவரே வெட்கப்பட்டுக்கொண்டார்.

அடுத்த லீவு மறுவருஷம் ஆடியில் கிடைத்தது. எப்படியோ கேட்டு வாங்கியிருந்தார். வருவதற்கு ஒரு வாரம் முன்பு எனக்கு மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்பினார். இங்கே காளான் முளைக்கும் இடத்தை யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த வருஷம் முளைக்காது என்று ஒரு நம்பிக்கை. அண்ணன் தம்பிக்குள்ளேகூட ஒளித்து வைப்பார்கள். மாமாவின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், சின்ன வயதில் தம்பி பின்னாலேயே பதுங்கிப் பதுங்கிப் போயும் அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை என்று இன்றைக்கும் குறைப்படுவார். பெற்ற மகனுக்கே சொல்லாத அந்த இடத்தை மாமா எனக்குச் சொன்னார். பண்பொழி ரோட்டில் இன்ன தோப்பு, பம்புசெட்டு அறைக்குப் பின்னால், கிணற்றை ஒட்டிய புற்று. கடைசியில் கொஞ்சம் தயங்கி, "நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்மா" என்று முடித்திருந்தார். அதை எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆக, அந்த ஆணம் வெறும் ஆணம் இல்லை. ஒரு மனிதர் அத்தனை வருஷமாக ஆசைப்பட்டது. அதைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை நம்பி என் கையில் கொடுத்திருந்தார்.

மாமா திருவனந்தபுரத்தில் இறங்கி ஆரியங்காவு வழியாக வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று மாலை, காளானை எழுப்பும் இடி இடித்தது. மறுநாள் விடிய, தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் ரியாஸும் போய் நின்றோம். அதை எப்படிச் சொல்ல? புற்றைச் சுற்றிலும் மண் வெடித்து, கூர் மூக்கோடு வெள்ளை வெள்ளையாகத் தலைகள். சில இன்னும் மொட்டு, சில கை அகலத்துக்கு விரிந்தவை. ஒன்றைப் பிடித்து மெல்ல ஆட்டி இழுத்தால், வேர் வந்துகொண்டே இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது. கீழே இருட்டில் கரையான்கள் வளர்த்த தோட்டம் அது. கரையான் விதைக்கிறது, மழை எழுப்புகிறது, நாம் போய் கூடையில் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அழுகை வந்தது. ரியாஸ் கொசுக்கடி என்று நினைத்துக்கொண்டு புறங்கையில் தடவ எண்ணெய் எடுத்துக் கொடுத்தார்.

கூடை நிறைந்து திரும்பும் வழியில், ஒரு தங்கும் விடுதியின் புல்வெளி ஓரம் பெரிய பெரிய வெள்ளைக் குடைகள் வட்டம் கட்டி நின்றன. தண்டில் வளையம், மேலே பழுப்புச் செதில். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம், இது அந்தப் பச்சைக்காரன்தான். நேரில் அதுவரை பார்த்ததில்லை. காவலாளியிடம் கேட்டு ஒன்றே ஒன்றைப் பறித்து, செய்தித்தாளில் தனியாகச் சுற்றி, கூடையோடு சேராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த மட்டும் புத்தி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் திட்டில் தாள் விரித்து, குடையைக் குப்புற வைத்து, டம்ளர் அகலம் போதாமல் பெரிய எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். மாமியிடம் சொன்னேன், இது நாய்க்குடை, விஷம், தொடாதிய என்று. மாமி கூடையிலிருந்த காளான்களை ஒவ்வொன்றாக மண் போகக் கழுவி, கையால் கிழித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். போகும் முன் பெரிய மாமா சமையலறைக்கு வந்து, உப்பு பார்க்கிறேன் என்று இரண்டு கரண்டி ஆணம் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். தேங்காய் அரைத்துவிட்டுக் கொதித்துக்கொண்டிருந்த அந்த வாசனையில் தெருவே நின்று போயிருக்கும். நான் குளித்து, புதுச் சேலை கட்டி, தலையில் முக்காட்டை அழகாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் பாராட்டும்போது எப்படி அடக்கமாக நிற்பது என்று கண்ணாடி முன்னால் ஒருமுறை நின்றும் பார்த்தேன்.

தொழுதுவிட்டு ஆண்கள் வந்தார்கள். முன்னறையில் விரிப்பு விரித்து, பெரிய தட்டங்களில் சோறு வைத்து, ஒரு தட்டத்துக்கு நாலு பேராக உட்கார்ந்தார்கள். மாமி ஆணத்தைக் கிண்ணங்களில் ஊற்றி ரியாஸிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது, இனி நேரத்தைத் தவறவிட வேண்டாம் என்று உள்ளறையில் முசல்லாவை விரித்துத் தொழ நின்றுவிட்டார்.

நான் என் கோலத்தைப் பார்க்க ஜன்னல் திட்டுக்குப் போனேன்.

தாள் இருந்தது. தாளில் கோலம் இருந்தது. பாசிப் பச்சையில், ஒரு கோடு கலையாமல். அடடா, என்ன அழகு என்றுதான் முதலில் நினைத்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. அதன்பிறகுதான் கண்ணில் பட்டது. கிண்ணம் இல்லை. குடையும் இல்லை. அந்த எவர்சில்வர் கிண்ணம் முன்னறையில், மாமாவின் முன்னால், ஆணத்தோடு இருந்தது.

காளான் ஆய்கிற நாளில் சமையலறையில் கிடந்த ஒரு காளான் எங்கே போயிருக்கும்? சட்டிக்குத்தான். மாமி காதில் ஒன்றும் ஏறவில்லை என்பதுதான் எனக்கு முன்பே தெரியுமே. விஷம், விஷம் என்று கத்திக்கொண்டு உள்ளறை வழியாக ஓடினேன். அங்கே மாமி தொழுகையில் நிற்கிறார். தொழும்போது பேசக் கூடாது, திரும்பவும் கூடாது. அவசரமாக எதையாவது உணர்த்த வேண்டுமென்றால், பெண்கள் ஒரு கையால் மறுகையின் புறங்கையில் தட்டலாம். மாமி தட்டினார். பளிச்சென்று கேட்டது.

எனக்கு அது எப்படிப் புரிந்தது தெரியுமா? "ஆமாம், தெரியாமல் போட்டுவிட்டேன், ஓடிப்போய் நிறுத்து" என்று. ஒரு தட்டில் இவ்வளவையும் கேட்டேன். ஓட்டத்தைக் கூட்டினேன்.

முன்னறையில் மாமா ஆணம் ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை எடுத்திருந்தார். அவசரப்படவில்லை. கண்ணை லேசாக மூடி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து மணம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு மறக்காது. அந்த முகத்துக்கு நேராகப் போய் கையைத் தட்டிவிட்டேன். கவளம் பறந்து, ஜும்ஆவுக்காக வெளுத்து இஸ்திரி போட்ட பெரிய மாமாவின் சட்டையில் அப்பியது. முக்காடு எங்கே போனதென்று தெரியாது. யாரும் திங்காதிய என்று கத்தினேன். கிண்ணங்களைப் பறித்தேன், சட்டியில் ஊற்றினேன், சட்டியோடு வாசலுக்கு ஓடி வாறுகாலில் கவிழ்த்தேன். பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பாதித் தெரு நின்று பார்த்தது. அத்தனை வருஷத்து ஆசை கொழகொழவென்று கழிவுநீரோடு போயிற்று. சாரல் தண்ணீர் வேறு, வேகமாகவே கொண்டுபோனது.

உள்ளேயிருந்து மறுபடி கைதட்டல். இந்தத் தடவை இரண்டு. சபாஷ் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பெரிய மாமா உப்பு பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் கலக்கி அவர் முன்னால் நீட்டினேன். எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, உங்களுக்கு இன்னும் தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் தெரியும் என்று நான் சொன்ன விதத்தில் மனிதர் வெலவெலத்துப் போனார். குடித்தார். வாறுகால் ஓரம் குந்தி, காலையில் தின்ற இடியாப்பத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார். (இப்படியெல்லாம் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று பிறகு ஒரு டாக்டர் என்னைத் திட்டினார். யாரும் என்னைப் பின்பற்ற வேண்டாம், எதிலுமே.)

அந்த நேரத்தில் மாமி தொழுகையை முடித்து, இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்து, முசல்லாவை மடித்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். வாறுகாலைப் பார்த்தார். குந்தியிருந்த பெரிய மாமாவைப் பார்த்தார். காலிச் சட்டியோடு நிற்கும் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, எதுக்குக் கொட்டுன?"

விஷக் காளான் ஆணத்துக்குள் போய்விட்டதே மாமி என்றேன்.

"அத நான் அப்பமே வாழக்குழியில போட்டு மண்ணத் தள்ளிட்டேன். நீதான விஷம்னு சொன்ன. கிண்ணம் பத்தலன்னு எடுத்தேன். சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவிட்டுத்தான் ஆணம் ஊத்துனேன். கையையும் கழுவிட்டேன். பேப்பர் ஒனக்கு வேணும்னு அலுங்காம அங்கனயே வச்சிருக்கேன்."

வாயில் வந்ததைத் துடைத்துக்கொண்டு பெரிய மாமா மெதுவாக நிமிர்ந்தார். அப்படியென்றால் எதற்குக் கை தட்டினாய் என்று ரியாஸ்தான் கேட்டார்.

"நிறுத்தச் சொல்லித்தான்."

வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார் ரியாஸ். மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு உசுருக்கு ஆபத்துன்னா முறிக்கலாம். ஆணத்துக்காகத் தொழுகைய முறிக்கச் சொல்லுதியோ?"

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிளக்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மாமி காதில் ஏறியிருக்கிறது. எது விஷம், எப்படிக் கழுவ வேண்டும், அந்தத் தாள் எனக்கு எவ்வளவு முக்கியம், எல்லாமே. ஒரு வருஷமாக உள்ளி உரித்தபடி அந்த மனுஷி என் வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்கிறார். பரீட்சையும் எழுதித் தேறிவிட்டார். டீச்சர்தான் ஃபெயில்.

அதற்குப் பிறகு மாமி செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புதான். என்னை ஒரு சொல் திட்டவில்லை. சட்டியை என் கையிலிருந்து வாங்கினார். வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்து, ஆணம் அடிபிடிச்சுப் போச்சு, வேறு வைக்கிறேன், வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து முட்டை வந்தது. இருந்த தேங்காய் மசாலாவிலேயே முட்டை ஆணம் கொதித்தது. பெரிய மாமாவுக்கு ரியாஸின் சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்து, தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். வந்தவர்கள் சோறு ஆறுவதற்குள் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் தெரிந்த ஒரே வேலை, கதவுக்குப் பின்னால் நின்று அழுவது. அதைத் திறம்படச் செய்துகொண்டிருந்தேன்.

பெரிய மாமா கஞ்சியைக் குடித்துக்கொண்டே, படிச்ச பிள்ளையைக் கட்டினால் இதுதான் என்று தொடங்கினார். அவர் இடத்தில் நானாக இருந்தால் இன்னும் மோசமாகத் தொடங்கியிருப்பேன். மாமா அவரை முடிக்க விடவில்லை. என்னைக் கூப்பிட்டார். முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"அங்க ரூம்ல நான் என்னத்தத் திங்கேன், தின்னனா திங்கலயான்னு கேக்க ஒரு ஆள் கெடையாதும்மா. ஊசிப்போனதத் தின்னுட்டுக் காச்சல்ல கெடந்திருக்கேன். சாப்புடாதியன்னு ஓடிவந்து கையத் தட்டிவிட எனக்கு ஒரு ஆள் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. அழுவாத."

சொல்லிவிட்டு முட்டை ஆணத்தை ஊற்றிப் பிசைந்தார். எனக்கு அழுகை நிற்பதற்குப் பதிலாக இன்னும் கூடிவிட்டது.

அந்த லீவு முடியும் மட்டும் தினமும் காலையில் ஓடினேன். புற்று வெறுமையாகக் கிடந்தது. அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். மேக்கரை பக்கம், இலஞ்சிப் பக்கம், எங்கே போனாலும் எனக்கு முன்னால் யாரோ வந்து போயிருந்தார்கள். மாமா காளான் தின்னாமலேயே தம்மாமுக்கு விமானம் ஏறினார். போகும்போது, புற்றைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு இந்த வீட்டில் யாரும் என் அனுமதி இல்லாமல் சாப்பிடுவதில்லை. தட்டில் கை வைத்ததும், கவளத்தை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். நான் தலையை ஆட்ட வேண்டும். தோசை, பழஞ்சோறு, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். ரியாஸின் தங்கை கல்யாண விருந்தில் இது கைமீறிப் போனது. பிரியாணி வைத்ததும் எங்கள் வீட்டு ஆட்கள் வரிசையாகக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இது ஏதோ எங்கள் வீட்டு முறை என்று எண்ணி, மரியாதைக்காக அவர்களும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மண்டபமே பிரியாணியை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல் நான் நிற்கிறேன். கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து மாமிதான் பளிச்சென்று ஒரு கை தட்டினார். மண்டபம் சாப்பிட்டது. அந்த வீட்டில் இப்போது ஒவ்வொரு விருந்திலும் யாராவது ஒரு பெரியவர் கை தட்டித்தான் தொடங்குகிறார்களாம். நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். அது எங்கிருந்து வந்தது என்று அவள் அங்கே வாய் திறக்கவில்லை.

போன வருஷம் மாமா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். ஆடியில் இடி இடித்தது. நானும் ரியாஸும் போனோம், கூடை நிறைய வந்தது. வித்துக் கோலம் எதுவும் சமையலறைப் பக்கம் போடுவதில்லை, மொட்டை மாடிதான். மாமி ஆணம் வைத்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி கவளத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ரியாஸ் என்னைப் பார்த்தார், பெரிய மாமா பார்த்தார் (அவர் கொஞ்சம் நிஜமாகவே பார்த்தார்), வீட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். நானும் வேண்டுமென்றே தலையை ஆட்டாமல் நின்றேன்.

மாமா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. பிசைந்தார், எடுத்தார், வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். பிறகு கண்ணைத் திறந்து, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.